கருப்பொருளும் கணினி விளையாட்டும்: அண்மையில் ஆடிய மூன்று விளையாட்டுகளைத் தோட்டப்புறத்திலிருந்து நோக்கல்

முன்னுரை

திறனாய்வு என்றவுடன் நூலை நினைப்பது நம் துறையின் வழக்கம். நாடகமும் திரைப்படமும் பின்னர் ஆய்வுப் பொருளாக ஏற்கப்பட்டன. கணினி விளையாட்டு மட்டும் இன்னும் சிறுவர் பொழுதுபோக்கு என்ற அளவிலேயே தமிழ் ஆய்வுலகில் வைத்து எண்ணப்படுகிறது. ஆயின், நம் வகுப்பறைக்கு வரும் மாணவர் பலர் நாவல் படிக்கும் நேரத்தைக் காட்டிலும் மிகுதியான நேரத்தை இவ்விளையாட்டுகளில் செலவிடுகின்றனர். அவர்கள் கதை கேட்கும் இடமும், அழும் இடமும், தம்மைப் பிறராக எண்ணிப் பார்க்கும் இடமும் பெரிதும் இதுவே. அவ்விடத்தைக் காணாமல் இருப்பது திறனாய்வுக்கு அழகன்று.

இக்கருத்தினால் கடந்த சில மாதங்களில் நாம் மூன்று விளையாட்டுகளை முழுமையாக ஆடினோம். அவை, இந்தியாவில் உருவான 'ராஜி', அமெரிக்காவில் உருவான 'ஸ்டார்டியூ வேலி', கனடாவில் உருவான 'வெண்பா' என்பனவாம். இவற்றை ஆடியபோது எழுந்த எண்ணங்களை, நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டப்புற வாழ்வோடு ஒப்புநோக்கி உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தோட்டப்புறத்தை அளவுகோலாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. சிரம்பான், ரந்தாவ், லிங்கி, பகாவ் முதலிய ஊர்களைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களே இம்மாநிலத் தமிழருள் பெரும்பான்மையோர்க்குப் பிறந்த மண். அவ்வாழ்வு நம் கண்முன் மறைந்து வருகிறது. மறைந்து வருவதை எந்தக் கலை வடிவம் ஏற்றுக் காக்கும் என்ற வினா நம்மை விட்டு அகலவில்லை.

ஆய்வுக்குரிய சட்டகத்தைத் தொல்காப்பியத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறோம். அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்த தொல்காப்பியர், தெய்வத்தையும் உணவையும் தொழிலையும் கருப்பொருளுள் அடக்கினார். நிலமும் பொழுதும் முதற்பொருள். கருப்பொருள் தனித்து நிற்பதன்று. அது நிலத்திலும் பொழுதிலும் வேர்கொண்டது. நாம் ஆடிய மூன்று விளையாட்டுகளுள் ஒன்று தெய்வத்தையும், ஒன்று தொழிலையும், ஒன்று உணவையும் மையமாகக் கொண்டிருப்பது எதிர்பாராத ஒற்றுமை. அவ்வொற்றுமையே இக்கட்டுரைக்கு வழி வகுத்தது.

மற்றொன்றும் முதற்கண் கூறவேண்டும். நாவல் காட்டும், நாடகம் நடித்துக் காட்டும், விளையாட்டோ நம்மைச் செய்ய வைக்கும். ஆதலின் ஒரு விளையாட்டின் பொருளை அறிய அதன் கதைச்சுருக்கத்தை மட்டும் நோக்குதல் போதாது. ஆடுவோனின் கை எதைச் செய்கிறது என்பதை நோக்கவேண்டும். கதை ஒன்றைச் சொல்ல, கை வேறொன்றைச் செய்யுமாயின், ஆடுவோன் மனத்தில் நிற்பது கை செய்ததே.

தெய்வம்: 'ராஜி'

புனே நகரைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட விளையாட்டு 'ராஜி'. வித்தை காட்டிப் பிழைக்கும் ராஜி என்னும் இளம்பெண், அசுரர் கவர்ந்து சென்ற தன் தம்பி கோலுவைத் தேடிச் செல்கிறாள். துர்க்கை அவளுக்குச் சூலம் அருளுகிறாள். துர்க்கையும் திருமாலும் தமக்குள் உரையாடியவாறே கதையை நடத்திச் செல்கின்றனர். இராசத்தான் அரண்மனைகளை நினைவூட்டும் மாடங்களும், சுவரோவியங்களும், பாவைக்கூத்தின் சாயலில் அமைந்த இடைக்காட்சிகளும் கண்ணுக்கு விருந்தாகின்றன. இந்தியத் தொன்மங்களைக் கருவாகக் கொண்டு இத்துணை அழகோடு அமைந்த விளையாட்டு இதற்குமுன் அரிது என்று துணிந்து கூறலாம்.

எனினும், நம் கை இவ்விளையாட்டில் செய்வது என்ன? தாவுகிறது, ஏறுகிறது, சூலத்தால் குத்துகிறது, வில்லால் எய்கிறது. தொன்மக் கதைகளோ சுவரில் உள்ளன. ஆடுவோன் ஓவியத்தின் அருகே சென்று நின்றால் தெய்வங்கள் அதன் கதையைக் கூறுகின்றன. நில்லாமல் கடந்து சென்றாலும் ஆட்டத்துக்குக் குறையொன்றும் நேர்வதில்லை. தெய்வம் இங்கே அருளும் ஆயுதமாகவும் சுவரின் அணியாகவும் உள்ளதேயன்றிக் கை அறியவேண்டிய ஒன்றாக இல்லை.

தோட்டப்புறத் தெய்வத்தோடு ஒப்பிடுங்கால் இவ்வேறுபாடு தெளிவாகிறது. முனியாண்டியும் மதுரை வீரனும் காளியம்மனும் எங்கும் நிறைந்த தெய்வங்களாகத் தோட்டத்தில் வணங்கப்பட்டதில்லை. இந்த மரத்தடி, இந்த எல்லை, இந்த ஆற்றங்கரை என ஓர் இடத்துக்கு உரியவையாகவே அவை நின்றன. தோட்டம் விற்கப்பட்டு நிலம் கைமாறியபோது, கோயிலை என் செய்வது என்ற சிக்கல் எழுந்ததற்கு இதுவே காரணம். சிலையைப் பெயர்த்து எடுத்துச் செல்லலாம். எல்லையைப் பெயர்க்க இயலாது. 'ராஜி' காட்டும் தெய்வங்கள் எந்த நாட்டுத் திரையிலும் தோன்றவல்லவை. அது அவ்விளையாட்டின் வலிமை. நிலத்தை இழந்த தெய்வத்தின் துயர் அதனுள் நுழைய முடியாமை அதன் எல்லை.

தொழில்: 'ஸ்டார்டியூ வேலி'

இரண்டாவது விளையாட்டு தமிழரைப் பற்றியதன்று. எனினும், தோட்டப்புறத்தார் மிகவும் சிந்திக்கவேண்டியது அதுவே என்பது நம் கருத்து. எரிக் பரோன் என்பவர் தனி ஒருவராக நான்கு ஆண்டுகளுக்கும் மேல் உழைத்து உருவாக்கி 2016இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி' 4 கோடிக்கும் மிகுதியான படிகள் விற்றுள்ளது. பெருநிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் சலிப்புற்றிருக்கும் ஒருவருக்குத் தாத்தா விட்டுச் சென்ற மடல் கிடைக்கிறது. அதில் ஒரு பண்ணை அவர் பெயருக்கு எழுதப்பட்டுள்ளது. அங்குச் சென்று உழுது, விதைத்து, நீரூற்றி, அறுவடை செய்து, ஊராரோடு உறவாடி வாழ்வதே ஆட்டம்.

இவ்விளையாட்டில் மரத்திலிருந்து பால் எடுக்கும் தொழிலும் உண்டு. மரமும் செம்பும் கொண்டு செய்த ஒரு கருவியை மரத்தில் பொருத்திவிட்டால், சில நாள்களில் மேப்பிள் மரத்திலிருந்து இன்சாறும், ஓக் மரத்திலிருந்து பிசினும், ஊசியிலை மரத்திலிருந்து தாரும் சேர்ந்திருக்கும். சென்று எடுத்துக்கொள்வதே வேலை. மரத்துக்குக் காயம் இல்லை. எடுப்பவர்க்கும் இல்லை.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் முறையை ஈண்டு விளக்குதல் பொருத்தமாகும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்தபின், தொழிலாளி தமக்குரிய மரங்களை நோக்கிச் செல்கிறார். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்கு ஓடும். பகல் வெப்பத்தில் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்துவிடும். முந்தைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தபின், இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் கோட்டில் பட்டையை மெல்லிதாகச் சீவவேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தின் வளர்படலம் காயப்படும்; அவ்விடத்தில் பட்டை முடிச்சிட்டுப் புடைத்துப் பின்னர் வெட்டுதற்கு உதவாது. ஆழம் குறைந்தாலோ பால் வராது. சீவிய பட்டை மீண்டும் வெட்டத்தக்கதாக வளரப் பல ஆண்டுகள் ஆகும். இவ்வாறு சில நூறு மரங்களை வெட்டி முடித்தபின், மீண்டும் முதல் மரத்துக்கு வந்து மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, காண்டா வாளியில் சுமந்து நிறுவைக்குக் கொண்டு செல்லவேண்டும். ஒரு மில்லிமீட்டர் அளவில் கை அறிந்த இந்நுட்பத்தைக் கல்வியறிவு குறைந்தோர் செய்யும் எளிய வேலை என்று நம் பாடநூல்கள் நெடுங்காலம் கருதி வந்தன.

நெகிரி செம்பிலான் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டிய நம் உறவினர் மூதாட்டி ஒருவர் நாம் இவ்விளையாட்டை ஆடுவதைச் சிறிது நேரம் பார்த்திருந்தார். திரையில் மழை பெய்தது. பயிருக்கு இன்று நீரூற்ற வேண்டியதில்லை என்று நாம் மகிழ்ந்தபோது, "இங்க மழை பேஞ்சாலும் சம்பளம் உண்டா தம்பி?" என்று அவர் வினவினார். திறனாய்வாளர் பல பக்கங்களில் எழுதவேண்டியதை அவ்வொரு வினா உணர்த்திவிட்டது. 'ஸ்டார்டியூ வேலி'யில் மழை ஓய்வு நாள். ரப்பர்த் தோட்டத்தில் மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வழிந்தோடிவிடும், வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் அன்றைய வருவாயும் இல்லை. மழை ஒன்றே, நிலம் யாருடையது என்பதற்கேற்ப அதன் பொருள் மாறுகிறது.

இவ்விளையாட்டின் இன்பமெல்லாம் ஓர் அடிப்படையின்மேல் நிற்கின்றது. ஆடுவோன் எப்போதும் நிலக்கிழான். அவனுக்கு மேல் கிராணியும் இல்லை, தண்டலும் இல்லை, துரையும் இல்லை. அதனால்தான் உழைப்பு இங்கு விளையாட்டாகிறது. இதனைக் குற்றமாகக் கூற நாம் வரவில்லை. நிலம் தனக்குரியதாக இருக்குமாயின் உழைப்பு இன்பம் தரும் என்ற உண்மையை இவ்விளையாட்டு தன்னையறியாமலே மெய்ப்பிக்கிறது. நம் வரலாற்றிலும் அவ்வுண்மையை உணர்ந்தோர் இருந்தனர். ஆங்கிலேயர் தம் தோட்டங்களைத் துண்டாடி விற்று வந்த காலத்தில், தொழிலாளரிடம் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காகத் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால் வெட்டிய கைக்கு அந்த மரத்தில் ஒரு பங்கேனும் இருக்கவேண்டும் என்பதே அம்முயற்சியின் கரு. தாத்தாவின் மடலில் பண்ணை கிடைப்பது ஒரு வகைக் கதை. மாதந்தோறும் சிறு தொகை கட்டித் தோட்டத்தில் பங்கு பெறுவது வேறொரு வகைக் கதை. பின்னதை யாரும் இதுவரை விளையாட்டாக்கி நாம் கண்டதில்லை.

உணா: 'வெண்பா'

மூன்றாவது விளையாட்டு 'வெண்பா'. டொரோண்டோ நகரின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்டது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த முதற்படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது. 1988இல் தொடங்குகிறது கதை. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் பெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அவர்களுக்கு அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவரே முதன்மை மாந்தர். வெண்பாவிடம் அவள் தாய் தந்த சமையற்குறிப்பேடு ஒன்று உள்ளது. அதன் பக்கங்கள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் போயின. விடுபட்டதை ஊகித்து இட்டிலி, புட்டு, பிரியாணி முதலியவற்றைச் சமைப்பதே ஆடுவோன் பணி.

மாந்தர் பெயர்களைத் தற்செயல் என்று கொள்ள இயலவில்லை. பாவும், பாவலனும், அவ்விருவர்க்கும் பிறந்த கவினும் ஒரு குடும்பமாகின்றனர். பெயரளவில் நில்லாது, விளையாட்டின் அமைப்பிலும் வெண்பாவின் இயல்பு படிந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. வெண்பாவில் ஒரு சீர் சிதைந்து போனால் அதனை மீட்கத் தளை உதவும். மாவின் முன் நிரை வரவேண்டும். விளத்தின் முன்னும் காயின் முன்னும் நேர் வரவேண்டும். நிற்கும் சீரைக் கொண்டு வரும் சீரின் முதலசையை உறுதி செய்யலாம். ஈற்றடியைக் கொடுத்து முன்னடிகளைப் பாடச் செய்யும் புலவர் விளையாட்டும் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. 'வெண்பா'வில் ஆடுவோன் செய்வதும் இதுவே. இட்டிலித் தட்டுகளை எம்முறையில் அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் செல்லும், புட்டுக் குழலில் மாவும் தேங்காய்த் துருவலும் எவ்வரிசையில் விழவேண்டும் என்பவற்றை எஞ்சிய குறிப்பிலிருந்து கை உய்த்துணர்கிறது. 'ராஜி'யில் பண்பாடு சுவரில் இருந்தது. இங்கே அது கையில் இருக்கிறது. மூன்றனுள் கதை சொல்வதும் கை செய்வதும் ஒன்றாக இயைந்த விளையாட்டு இதுவே.

மகன் வளர வளரத் தாயின் மொழி அவனுக்குத் தொலைவாகிறது. உடன்போக்கில் சென்ற மகளை எண்ணித் தாய் இரங்கும் பாடல்களைச் சங்க அகப்பாடல்களில் கற்ற நமக்கு, இரங்கும் தாய் புதியவள் அல்லள். ஆயின், அங்கே பாலை நிலத்தைக் கடந்து செல்பவள் மகள்; இங்கே மகன் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டே பிரிந்து செல்கிறான். அவன் பின்னர்த் தானே அக்குறிப்பேட்டைத் திறக்கும்போது தாய்க்கு எளிதாயிருந்த எழுத்து அவனுக்கு எளிதாயில்லை. அத்தடுமாற்றத்தை ஆடுவோனும் உணருமாறு அமைத்திருப்பது இவ்விளையாட்டின் உயர்ந்த இடம். அயல்நாட்டில் ஆய்வு மேற்கொண்ட காலத்தில், குளிர்நாட்டு அடுக்களையில் மாவு புளிக்கக் காத்திருந்த நமக்கும் அது உள்ளத்தைத் தொட்டது.

இவ்வளவு போற்றியபின் ஒரு மறுப்பையும் கூறியாக வேண்டும். நம் மொழியின் பெயர் உலக அரங்கில் ஒலித்தது என்ற மகிழ்ச்சி திறனாய்வாகாது. 'வெண்பா' காட்டும் இழப்பு எழுத்தறிந்தோரின் இழப்பு. தாய் எழுதினாள், மகள் எடுத்துச் சென்றாள், பக்கம் கிழிந்தது, மகன் படிக்கத் தடுமாறினான். இத்தொடரில் நினைவு எப்போதும் தாளில் இருக்கிறது. கணவனும் மனைவியும் கலந்து பேசிச் செல்வதா தங்குவதா என்று முடிவு செய்கின்றனர். தோட்டப்புறத்தார் வந்த வழி வேறு. 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்யும்வரை கங்காணிகள் திரட்டிய கூட்டங்களில் வந்தோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்தம் பெட்டிகளில் குறிப்பேடு இல்லை. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி கிட்டாதபோது மரவள்ளிக் கிழங்கைக் கொண்டு பிள்ளைகளின் பசியாற்றிய தாய்மார் அதன் செய்முறையை எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்த அறிவு கையில் இருந்தது. லயத்தின் விறகடுப்பில் இருந்தது. அண்டை வீட்டாள் எட்டிப் பார்த்துச் சொன்ன சொல்லில் இருந்தது. தாள் கிழிந்தால் எஞ்சிய பகுதியைக் கொண்டு ஊகிக்கலாம். லயமே இடிக்கப்பட்டால் எதைக் கொண்டு ஊகிப்பது?

நிலமும் பொழுதும்

மூன்று விளையாட்டுகளையும் ஒருசேர வைத்து நோக்கும்போது பொதுவான இயல்பு ஒன்று புலனாகிறது. ஒவ்வொன்றும் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு, அதனை நிலத்திலிருந்து பிரித்து, எங்கும் எடுத்துச் செல்லத்தக்கதாக்குகிறது. உலகச் சந்தைக்குச் செல்லும் கலைப்பொருளுக்கு அது தேவையாக இருக்கலாம். தோட்டப்புற வாழ்வோ அவ்வாறு பிரித்தற்கு இயலாதது. அங்கே விடியற்காலை என்பது வெறும் அழகிய பொழுதன்று. பால் ஓடும் பொழுது. மழைக்காலம் கூடலுக்கோ பிரிவுக்கோ பின்புலமன்று. கடன் வாங்கும் காலம். முதற்பொருளை நீக்கிவிட்டால் அவ்வாழ்வின் கருப்பொருளும் உரிப்பொருளும் விளங்கா.

அந்நிலமும் இன்று மாறிவிட்டது. ரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்டனர்; நீலாய், சிரம்பான் பகுதிகளில் தோட்ட நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தில் பிறந்தோரின் பேரப்பிள்ளைகள் தாமான் வீடுகளில் வளர்கின்றனர். தாத்தாவின் பண்ணை பற்றிய ஆட்டத்தை விரும்பி ஆடும் அப்பிள்ளைகளுள் பலர், தம் பாட்டி எந்த மரத்தை எந்தச் சாய்வில் வெட்டினார் என்பதை அறியார். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. அறிந்துகொள்ள நாம் அவர்களுக்கு என்ன வைத்திருக்கிறோம் என்பதே வினா.

நம் துறையினர் தோட்டப்புறத்தை ஆராயாமல் இல்லை. நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்துள்ளோம். சிறுகதைகளையும் நாவல்களையும் ஆய்ந்துள்ளோம். சயாம் மரண இரயில் பாதைக்குச் சென்று மீண்டோரின் நினைவுகளைப் பதிவு செய்தோரும் உளர். இவையனைத்தும் சொல்லின் பதிவுகள். கத்தியை எவ்வளவு அழுத்துவது, பால் ஓடும் ஓசையற்ற வேகத்தைக் கொண்டு அடுத்த வெட்டை எவ்வாறு அளப்பது, விறகடுப்பில் மரவள்ளி எப்போது வெந்தது என்று எதைக் கண்டு அறிவது என்பன போன்ற செயலின் பதிவுகள் நம்மிடம் மிகக் குறைவு. விளையாட்டு என்னும் வடிவத்துக்கு வேண்டியது இத்தகைய பதிவே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிவுகளை முன்வைக்கலாம். முதலாவது, கணினி விளையாட்டை அதன் கதையையும் காட்சியையும் கொண்டு மட்டும் மதிப்பிடாமல், ஆடுவோனின் கைக்கு அது தரும் செயலைக் கொண்டு மதிப்பிடவேண்டும். அவ்வகையில் 'ராஜி'யினும் 'வெண்பா' மேம்பட்டது. இரண்டாவது, உழைப்பை இன்பமாகக் காட்டும் விளையாட்டு நிலவுரிமையை எவ்வாறு அமைத்துள்ளது என்பதை வினவவேண்டும். மூன்றாவது, புலம்பெயர் தமிழர் என்ற ஒரே பெயரால் கனடாவின் அடுக்களையையும் நெகிரி செம்பிலானின் லயத்தையும் ஒன்றாக்கிவிடலாகாது. ஒன்றில் இழப்பு வீட்டுக்குள் நிகழ்ந்தது. மற்றதில் வீடும் ஊரும் வேலையும் கோயிலும் ஒருங்கே போயின.

பால்வெட்டுக் காட்டை விளையாட்டாக்க வேண்டும் என்று இளைஞர் எவரேனும் நாளை முன்வரலாம். கணினிக் கலையை அவர் எங்கும் கற்றுக்கொள்வார். பட்டையைச் சீவும் கையசைவை மட்டும் முதியோரிடமே கற்கவேண்டும். அம்முதியோரோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆதலின், தோட்டப்புறம் சார்ந்த கள ஆய்வுக்குச் செல்லும் நம் மாணவர், ஒலிப்பதிவுக் கருவியோடு பால்வெட்டுக் கத்தி ஒன்றையும் உடன் கொண்டு செல்வாராக. அதனை அம்மூத்தோர் கையில் கொடுத்து, "வெட்டிக் காட்டுங்கள், பாட்டி" என்று கேட்பாராக. அசைவுகளை அவை நிகழும் வரிசையிலேயே படம்பிடித்து, பாட்டி சொல்லும் சொற்களை அவர் சொல்லும் வண்ணமே எழுதிக்கொள்ளவேண்டும். ரப்பர் மரம் இன்னும் எஞ்சியிருக்கும் தோட்டங்களில் இவ்வாய்வைத் தொடங்குவது நன்று.